வழி தெரியாத நாட்களில் ஆண்டவரைக் கேட்டு முடிவெடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1545ஆம் ஆண்டு, ஈஸ்டரை ஒட்டிய நாட்கள். நாகப்பட்டினத்தில் மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மாட்டிக்கொண்டு நிற்கிறார். முத்துக்குளித்துறைக் கரையில், அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில், இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியாடி உழைத்த மனிதர். மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற யாழ்ப்பாண அரசன்மேல் போர்த்துக்கீசியர் படையெடுப்பார்கள் என்று காத்திருந்தார், அது நடக்கவில்லை. (அந்தப் படையெடுப்பை அவர் ஆண்டவரின் காரியமாகவே நினைத்தார் என்பது இன்று படிக்கும்போது நெருடுகிறது. புனிதர்களும் தங்கள் விருப்பத்தைக் கடவுளின் விருப்பம் என்று எடுத்துக்கொள்வது உண்டு.) திரும்பிக் குமரிமுனைப் பக்கம் போகலாம் என்றால் காற்று எதிராக அடிக்கிறது. கிழக்கே வெகுதூரத்தில் (இன்றைய இந்தோனேசியாவில்) மக்காசாரில் அரசர்கள் திருமுழுக்குப் பெற்றிருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று ஒரு செய்தி. போவதா, இருக்கிற மக்களிடமே திரும்புவதா?

அவர் மயிலாப்பூருக்குப் போனார். புனித தோமையார் கல்லறை இருந்த இடத்தில், இன்று சாந்தோம் பேராலயம் நிற்கிற அதே இடத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் தங்கிச் செபித்தார். மே 8ஆம் தேதி அங்கிருந்து கோவாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு யாருடைய கப்பலிலாவது போவேன், கப்பலே இல்லாமல் ஒரு கட்டுமரம்தான் புறப்படுகிறது என்றாலும் கடவுளை நம்பி அதில் ஏறுவேன் என்கிறார். 'கட்டுமரம்' என்ற நம் கடற்கரைச் சொல்லையே அவர் கடிதத்தில் போட்டிருக்கிறார்.

இதுவரை நீங்கள் மறையுரையில் கேட்டிருக்கலாம். பெரும்பாலும் சொல்லாமல் விடுவது அடுத்ததுதான். அவர் மக்காசார் போய்ச் சேரவே இல்லை. மலாக்கா வரை போனார், அங்கே செய்திக்காக மூன்று மாதம் காத்திருந்தார், சூழ்நிலை மாறிவிட்டது. 1546 ஜனவரி 1 அன்று அம்போன் தீவுக்குக் கப்பலேறினார்.

அப்படியானால் மயிலாப்பூரில் அவர் கேட்டது ஆண்டவரின் குரல்தானா? என் பதில்: ஆம். அவருக்குக் கிடைத்தது ஊரின் பெயர் அல்ல, கரையை விட்டுக் கிளம்பு என்பது மட்டும். வழி தெரியாத நேரத்தில் நமக்கும் அநேகமாக அவ்வளவுதான் கிடைக்கும். அதை எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முறை என்னுடையது இல்லை. சவேரியாரின் நண்பரும் குருவுமான லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்தது. நம் கோவில்களில் இதைத் 'தெளிந்து தேர்தல்' என்கிறார்கள். போப் பிரான்சிஸ் 2022 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2023 ஜனவரித் தொடக்கம் வரை புதன்கிழமை மறைக்கல்வி உரைகளில் இதையே பேசினார். நான் சாமியாரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. பள்ளி ஆசிரியை. வாழ்க்கையில் ஒருமுறை அரைகுறையாகவும் ஒருமுறை ஒழுங்காகவும் இதைச் செய்து பார்த்தவள்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள்

"ஆண்டவரே, என் வாழ்க்கையில் உம் திருவுளம் என்ன?" இப்படிக் கேட்டால் பதில் வராது. வந்தாலும் உங்களுக்குப் புரியாது. கேள்வி ஒரு வரியில், ஒரு தேதியோடு இருக்க வேண்டும்.

2019 டிசம்பரில் மஸ்கட்டில் ஒரு பள்ளியிலிருந்து எனக்கு வேலை வந்தது. நான் தூத்துக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டுவலி. ஒரு நீள நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது: "அம்மாவை விட்டுவிட்டுப் போகலாமா?" மூன்று நாள் கழித்துப் படித்தபோதுதான் உறைத்தது. 'விட்டுவிட்டு' என்ற சொல்லிலேயே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன், பிறகு எதற்குச் செபம்? அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "மஸ்கட் வேலையை ஏற்பதா, இங்கேயே தொடர்வதா? ஜனவரி 15க்குள் சொல்ல வேண்டும்." இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. அது வீண்போன நேரம் என்று நினைக்க வேண்டாம். பாதித் தெளிவு அங்கேயே பிறந்துவிடும்.

இஞ்ஞாசியார் இங்கே ஒரு வேலி போடுகிறார். இரண்டு பக்கமும் நல்லதாகவோ, குறைந்தது தீமை இல்லாததாகவோ இருக்க வேண்டும். அரசு வேலைக்கு லஞ்சம் கொடுக்கலாமா என்பதை நவநாள் (ஒன்பது நாள் செபம்) வைத்துக் கேட்க முடியாது. அதற்குப் பதில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு, "ஆண்டவர் வழிகாட்டும்வரை பொறுத்திருக்கிறேன்" என்று இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அது தெளிந்து தேர்தலுக்கு உரிய கேள்வியே இல்லை. முதலில் பாதுகாப்பான இடம், 181க்கு ஒரு போன். தூக்கமே இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு 14416 என்ற மனநல எண் இருக்கிறது, மருத்துவர்கள் இருக்கிறார்கள். உடம்பும் மனசும் தேறிய பிறகு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள்?

கடினமான படி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வதுதான். இரண்டு துண்டுச் சீட்டு, ஒன்றில் 'போ', ஒன்றில் 'இரு'. மடித்து மாதா சுரூபத்துக்கு முன்னால் போட்டு, செபமாலை சொல்லி, பெரியம்மா மகன் வயிற்றுப் பேரனை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன். 'இரு' என்று வந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிப்போனது. உடனே, "பிள்ளை சரியாகக் குலுக்கவில்லை, மூன்று தடவை எடுப்போம்" என்றேன். பெரியம்மா மீன் அரிந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏளா, மாதாகிட்ட கேட்டியா, மாதாவுக்குச் சொல்லிக் குடுக்கியா?"

சீட்டு ஆண்டவரின் விருப்பத்தைக் காட்டவில்லை. என் விருப்பத்தைக் காட்டியது. அந்த அளவில் அது பயனுள்ள கருவிதான்! சீட்டு விழுந்த நொடியில் மனசு துள்ளியதா, துவண்டதா என்று பாருங்கள். அப்புறம் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இஞ்ஞாசியாரே இதைவிட மோசமாகச் செய்திருக்கிறார். 1522இல், மனம் மாறிய புதிதில், மொன்செராத் போகும் வழியில் ஒரு முஸ்லிமோடு பேச்சு வந்தது. மாதாவின் கன்னிமை பற்றி அவர் சொன்னது இஞ்ஞாசியாருக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் முந்திப் போன பிறகு, துரத்திப் போய்க் கத்தியால் குத்துவதா, விடுவதா என்று யோசித்து யோசித்துக் களைத்து, தான் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். பாதை பிரியும் இடத்தில் கழுதை அந்த மனிதர் போன ஊர்ப் பக்கம் திரும்பினால் குத்துவது, பெருவழியில் போனால் விடுவது. ஊர்ப் பாதைதான் அகலமானது, நல்லது. கழுதை பெருவழியில் போனது. ஓர் உயிர் தப்பியது. பல ஆண்டு கழித்துத் தன் கதையைச் சொல்லும்போது அவரே இதைச் சொல்கிறார், அப்போது தன் ஆன்மா எவ்வளவு குருடாயிருந்தது என்பதற்குச் சாட்சியாக. தெளிந்து தேர்தலின் ஆசான் கழுதையிடம் முடிவைக் கொடுத்தவர் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு.

விவிலியத்தில் கிதியோன் கம்பளியைப் போட்டு அடையாளம் கேட்டாரே என்று கேட்பீர்கள். நீதித்தலைவர்கள் நூல் 6ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படியுங்கள். போ என்று ஆண்டவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், கிதியோனும் "நீர் சொன்னபடி" என்றுதான் ஆரம்பிக்கிறார். பயத்தால் அடையாளம் கேட்டார். ஒருநாள் கம்பளி நனைந்தது, ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் பிழிந்தார். அதுவும் போதாமல் மறுநாள் தலைகீழாகக் கேட்டார். ஆண்டவர் கோபிக்கவில்லை, பொறுத்துக்கொண்டார். ஆனால் அது தெரியாத வழியைத் தெரிந்துகொள்ளும் முறை அல்ல.

இந்தப் படியில் செய்ய வேண்டியது இதுதான். நோட்டில் நேர்மையாக எழுதுங்கள்: "எனக்கு இது வேண்டும், ஏனென்றால்..." பணமா, மரியாதையா, ஊராரின் பேச்சா, தப்பித்தலா. எழுதிவிட்டு, "எது நடந்தாலும் சரி என்ற மனசைக் கொடும்" என்று கேளுங்கள். தராசு முள் நடுவில் நிற்பதுபோல இருக்க வேண்டும் என்பார் இஞ்ஞாசியார். முள் முழுக்க நடுவுக்கு வராது. என் முள் கடைசிவரை மஸ்கட் பக்கம்தான் ஆடியது. சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: விசாரியுங்கள்

சுருக்கமாக முடிக்கிறேன். சம்பளம் எவ்வளவு, விசா யார் செலவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொடுக்க யார், அவசரத்துக்கு வர விமானக் கட்டணம் எவ்வளவு. போனில் கேட்டால் தெரிகிற விஷயத்தைத் தூய ஆவியாரிடம் கேட்காதீர்கள். சவேரியாரும் கண்ணை மூடிக்கொண்டு மக்காசார் கிளம்பவில்லை. அங்கே போய்வந்தவர்கள் சொன்ன செய்தியை வைத்துத்தான் யோசித்தார்.

நான்காம் படி: இரண்டு வழியிலும் வாழ்ந்து பாருங்கள்

1521இல் பாம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைக்க, இஞ்ஞாசியார் லொயோலா வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரதீரக் கதைப் புத்தகங்கள் கேட்டார், அந்த வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான் இருந்தன. படித்தார். படிக்காத நேரத்தில் இரண்டு விதமாகக் கனவு கண்டார். ஓர் உயர்குலப் பெண்ணின் மனதைக் கவர என்னென்ன சாகசம் செய்யலாம் என்பது ஒன்று. புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேம் போவது மற்றொன்று. இரண்டும் நினைக்கும்போது இனித்தன. வித்தியாசம் பிறகுதான். முதல் கனவு கலைந்தபின் நாக்கில் கசப்பு. இரண்டாவது கலைந்தபின்னும் மகிழ்ச்சி தங்கியது. சாப்பிடும்போது உள்ள ருசியைப் பார்க்காமல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்திருக்கிறார். அவருடைய முறை முழுக்க இந்தக் கட்டிலில் பிறந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஐந்து நாள், முதல் வழியைத் தேர்ந்துவிட்டதாகவே நினைத்து வாழுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். அடுத்த ஐந்து நாள் இரண்டாவது வழி. தினமும் இரவு 15 நிமிடம் ஆன்மச் சோதனை. இதைப் பாவங்களை எண்ணுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதற்கும் மேலே இதில் இருக்கிறது. முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு காலையிலிருந்து நாளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் உயிர் வந்தது, எந்த இடத்தில் சுருங்கிப்போனது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு விண்ணப்பத்தோடு முடியுங்கள்.

என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"3ஆம் நாள். போகிறேன். மாவு ஆட்டும்போது புது வகுப்பறை நினைவு வந்தது. பயமாக இருக்கிறது. ஆனால் இன்று அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன்."

"8ஆம் நாள். இருக்கிறேன். காலையில் நிம்மதி. சாயந்திரத்துக்குள் அம்மாமேல் எரிச்சல். காபி ஆறிப்போனதற்குக் கத்தினேன்."

எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. இருப்பதுதான் அன்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இருக்கிறேன் என்று வாழ்ந்த ஐந்து நாளில் நான்கு நாள் கசந்துபோய் இருந்தேன். போகிறேன் என்று வாழ்ந்த நாட்களில் பயமும் அன்பும் சேர்ந்தே இருந்தன. இதைக் கவனியுங்கள்: இஞ்ஞாசியார் சொல்லும் ஆறுதல் என்பது குஷி அல்ல, பயமில்லாத நிலையும் அல்ல. கண்ணீரோடும் ஆறுதல் இருக்கும். நம்பிக்கையும் அன்பும் கூடுகிறதா என்பதுதான் அளவு. அதேபோல வறட்சி என்பது துக்கம் மட்டும் இல்லை. செபம் கசப்பது, மனிதர்கள்மேல் காரணமில்லாத வெறுப்பு, எதுவும் மாறாது என்ற இருட்டு, இவைதான் வறட்சி.

இதிலிருந்து ஒரு விதி. இஞ்ஞாசியார் சொன்னதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வையுங்கள்: வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதீர்கள். இரவு 11 மணிக்கு அழுதுகொண்டே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். எழுதினாலும் அனுப்ப வேண்டாம். செபத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், தூங்குங்கள், நல்ல நாள் ஒன்று வந்தபின் பாருங்கள்.

ஐந்தாம் படி: மூளையைக் கழற்றி வைக்காதீர்கள்

சிலருக்கு ஆறுதலும் வராது, வறட்சியும் வராது. மனசு கிணற்றுத் தண்ணீர்போல அசையாமல் கிடக்கும். "எனக்கு ஆண்டவர் பேசவில்லை" என்று வருந்துவார்கள். இஞ்ஞாசியார் இதையும் முடிவெடுக்க உகந்த காலம் என்றே சொல்கிறார். இந்த அமைதியில் அறிவைப் பயன்படுத்தச் சொல்கிறார்.

பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். போனால் நன்மை, போனால் கேடு, இருந்தால் நன்மை, இருந்தால் கேடு. இரண்டு பத்தி போதாதா என்று கேட்கலாம். நான் நான்காகப் போட்டபோதுதான் 'இருந்தால் கேடு' என்ற கட்டத்தில் எழுத எனக்கு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தது. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஒரு பக்கம் ஏழு சின்னக் காரணமும் மறுபக்கம் ஒரே பெரிய காரணமும் இருக்கலாம்.

அதற்குப் பிறகும் தெளியவில்லையா? அவர் தரும் இரண்டு கற்பனைகள் உதவும். முன்பின் தெரியாத ஒருவர், அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள் உண்மையாக விரும்புகிற ஒருவர், இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் கிடக்கும்போது இன்று எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்? முதல் கற்பனை எனக்குப் பலித்தது. வேறு ஒரு பெண் வந்திருந்தால், "தாராளமாகப் போயிட்டு வாம்மா, ரெண்டு வருஷம்தானே" என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் நான் அவ்வளவு கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறேன்.

ஆறாம் படி: யாரிடம் பேசுவது

ஒருவர் அல்லது இருவர் போதும். கேட்கத் தெரிந்தவர், உங்கள் முடிவால் அவருக்கு லாபமோ நஷ்டமோ இல்லாதவர், ரகசியம் காப்பவர். பங்குத்தந்தையாக இருக்கலாம், ஒரு சிஸ்டராக இருக்கலாம், வயதான ஆசிரியராக இருக்கலாம். நல்ல வழிகாட்டி உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார். நான் பேசிய சாமியார் முக்கால் மணி நேரத்தில் மூன்றே கேள்விதான் கேட்டார். அதில் ஒன்று: "இதை அம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பத்து நாள் செபம், நோட்டு, நான்கு கட்டம் எல்லாம் போட்ட நான், யாருக்காகத் தவித்தேனோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு கேட்டேன். "நீ போனா தெக்கு ரூமை வாடகைக்கு விடலாம்னு நெனச்சிருந்தேன்" என்றார் அம்மா.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார், நீ இந்த மாப்பிள்ளையைக் கட்ட வேண்டும்" என்றோ, "இந்தத் தொழிலில் பணம் போட வேண்டும்" என்றோ எவராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வாழ்க்கையைப் பற்றி ஆண்டவர் உங்களைத் தாண்டி இன்னொருவரிடம் மட்டும் பேசுவார் என்பது எனக்கு ஏற்புடையதல்ல. முதல் திருச்சபையில் பெரிய சிக்கல் வந்தபோதுகூட எருசலேமில் கூடி உட்கார்ந்து வாதாடி, கேட்டு, அதன் பிறகுதான் "தூய ஆவியாரும் நாங்களும்" தீர்மானித்தோம் என்று எழுதினார்கள். திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரம். அந்த 'நாங்களும்' மிக முக்கியம்.

ஏழாம் படி: காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது

சில சமயம் முடிவெடுக்கும் நிலைமையே வராது. பதில் வரவில்லை, பரிசோதனை முடிவு வரவில்லை, வரன் அமையவில்லை. இந்த நாட்களுக்கு எண்ணிக்கை நூல் 9ஆம் அதிகாரத்தைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரத்தின்மேல் மேகம். மேகம் எழும்பினால் மக்கள் கிளம்ப வேண்டும், தங்கினால் பாளையமிறங்க வேண்டும். மேகம் ஒரு மாலையிலிருந்து காலை வரை மட்டும் தங்கலாம், இரண்டு நாள் தங்கலாம், ஒரு மாதம் தங்கலாம், அதற்கும் நீண்ட காலம் தங்கலாம். முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

அந்தக் கூடாரங்களில் ஒன்றில் இருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மூட்டையை அவிழ்ப்பதா வேண்டாமா? நாளைக்கே கிளம்பச் சொன்னால்? அவள் அவிழ்த்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளைக்குச் சமைக்கப் பாத்திரம் வேண்டுமே. மன்னாவை அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழு வைத்துவிடும்.

ஆகவே மூட்டையை அவிழுங்கள். "வேலை கிடைத்ததும் கல்யாணம், கல்யாணம் ஆனதும் ஜிம்" என்று வாழ்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். தினமும் செய்ய வேண்டியதில் ஒன்றை ஒழுங்காகச் செய்யுங்கள். சவேரியார் மலாக்காவில் கப்பல் செய்திக்காகக் காத்திருந்தபோது சும்மா இருக்கவில்லை. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், சிறுவர்களுக்கு மறைக்கல்வி சொன்னார், செபங்களை அந்த ஊர் மொழியில் பெயர்த்து மனப்பாடம் செய்தார்.

எட்டாம் படி: அடைபட்ட கதவு

"கதவு அடைத்துவிட்டது, ஆண்டவருக்குச் சித்தமில்லை" என்று உடனே சொல்லிவிடுகிறோம். "கதவு தானாகத் திறந்தது" என்றும். இரண்டிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சுலபமாகத் திறக்கிற கதவெல்லாம் ஆண்டவருடையது என்றால், கந்துவட்டிக்காரன் கதவுதான் ஊரிலேயே சுலபமாகத் திறப்பது.

பவுலைப் பாருங்கள். திருத்தூதர் பணிகள் 16. ஆசியா என்ற உரோமை மாநிலத்தில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பேசப் போனார், ஆவியார் தடுத்தார். பித்தினியாவுக்குப் போக முயன்றார், அங்கும் தடை. இரண்டு கதவு அடைத்தபின் கடற்கரையில் துரோவாவுக்கு வந்து நின்றார். இரவில் மாசிதோனியர் ஒருவர் வந்து உதவ அழைப்பதாகக் காட்சி. உடனே 'நாங்கள்' முடிவு செய்தோம் என்கிறார் எழுதியவர். காட்சி கண்டது ஒருவர், முடிவு செய்தது எல்லாரும். கடல் கடந்து பிலிப்பிக்குப் போனால் காட்சியில் வந்த ஆண் அங்கே இல்லை. ஆற்றங்கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள், லீதியா என்ற துணி வியாபாரி மனம் திறந்தார். அதற்குப் பிறகு பவுலுக்குத் தடியடி, சிறை, காலில் தொழுமரம். சரியான வழியில்தான் வந்தார், சுலபமான வழியில் வரவில்லை.

இஞ்ஞாசியாரின் வாழ்க்கையும் அடைபட்ட கதவுதான். எருசலேமில் வாழ்ந்து சாக ஆசைப்பட்டார். 1523இல் போனார், அங்கே பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் தங்க அனுமதிக்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி போக 1537இல் வெனிஸில் காத்திருந்தார். துருக்கியரோடு போர், பயணிகள் கப்பல் கிளம்பவில்லை. அப்புறம்தான் ரோம், 1540இல் இயேசு சபை. சவேரியாரும் இந்தியாவுக்கு முதல் தேர்வு இல்லை. பொபதியா என்ற தோழர் காய்ச்சலில் படுத்துவிட, ஒருநாள் அவகாசத்தில் கிளம்பிய மாற்று ஆள் அவர். மணப்பாடு குகையில் அவர் செபித்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொபதியாவின் காய்ச்சல் நினைவுக்கு வரும்.

கதவு அடைத்தால் அங்கேயே நின்று அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். அடைத்திருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பவுல் பித்தினியா ஏன் கிடைக்கவில்லை என்று ஆராயவில்லை, துரோவாவரை நடந்தார்.

ஒன்பதாம் படி: முடிவெடுத்து ஒப்புக்கொடுங்கள்

தேதி வந்ததும் முடிவெடுங்கள். நூறு சதவீதத் தெளிவு வராது. எனக்கு எழுபது இருந்திருக்கலாம். முடிவை ஒரு தாளில் எழுதி, திருப்பலியில் காணிக்கை நேரத்தில் மனசுக்குள் ஒப்புக்கொடுத்து, சில நாள் யாருக்கும் அறிவிக்காமல் வைத்திருங்கள். அமைதி தங்குகிறதா என்று பாருங்கள். தங்கினால் சொல்லிவிடுங்கள். "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" என்று வள்ளுவர் சொன்னது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. துணிந்த பிறகு இரவுதோறும் நான்கு கட்டத்தைத் திறந்து பார்க்காதீர்கள்.

நான் போவதென்று முடிவெடுத்தேன். பிப்ரவரியில் ராஜினாமா கொடுத்தேன். 2020 மார்ச் 28க்கு டிக்கெட். மார்ச் 22இலிருந்து வெளிநாட்டு விமானங்கள் நின்றன. மஸ்கட் வேலை முதலில் தள்ளிப்போனது, பிறகு இல்லாமல் போனது. பழைய பள்ளியில் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் சம்பளமில்லை. அம்மாவின் வீட்டில், வாடகைக்கு விட நினைத்த அதே தெற்கு அறையில், தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது அது முப்பது பேருக்கு மேல் வருகிற டியூஷன்.

இதற்காகத்தான் ஆண்டவர் விமானத்தை நிறுத்தினார் என்று என் உறவினர்கள் சாட்சி சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உலகமெங்கும் அத்தனை பேர் செத்த ஒரு நோயை என் டியூஷனுக்கான ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். போகிறேன் என்று முடிவெடுத்த பிறகு அம்மாமேல் இருந்த எரிச்சல் போய்விட்டது, போக முடியாமல் போன பிறகும் அது திரும்பி வரவில்லை.

சூட்கேஸ் பரண்மேல் இருக்கிறது. நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைப் பக்கம். போன மாதம் ஒரு புதுப் பக்கம் எடுத்து மேலே தேதி போட்டேன். அம்மாவுக்கு முட்டு அறுவைச் சிகிச்சை செய்வதா, இன்னும் பொறுப்பதா என்பது விஷயம். கேள்வியை ஒரு வரியில் எழுத ஒன்பது நாள் ஆனது. இந்த முறை முதலில் அம்மாவிடம் கேட்டேன்.